கிராமங்கள் அடக்கிக் காட்டிய பிரஷர்... உங்களுக்குத் தெரியுமா?

வலிக்காது. காய்ச்சல் வராது. பத்து வருஷம் உடம்புக்குள் குடியிருந்தாலும் மூச்சுக் காட்டாது. திடீரென்று ஒரு நாள் காலையில் வாய் கோணிக்கொள்ளும், ஒரு பக்கக் கை, கால் விழுந்துவிடும். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய பிறகுதான் "பிரஷர் ரொம்ப நாளா இருந்திருக்கு" என்று டாக்டர் சொல்வார்.

உலகத்தில் 30 முதல் 79 வயது வரை உள்ளவர்களில் சுமார் 140 கோடிப் பேருக்கு உயர் ரத்த அழுத்தம் இருக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது. கட்டுப்பாட்டில் வைத்திருப்பவர்கள் ஐந்தில் ஒருவர்தான். மூன்றில் இரண்டு பங்கினர் வாழ்வது ஏழை நாடுகளிலும் நடுத்தர வருமான நாடுகளிலும்.

பயமாக இருக்கிறதா? இனி வருவதைப் படியுங்கள், வியந்துபோவீர்கள். பெரிய ஆஸ்பத்திரிகள் திணறிய இந்த வேலையை மண் ரோடு போட்ட ஊர்கள் செய்து காட்டியிருக்கின்றன!

1. பிரஷரை முதன்முதலில் அளந்தவர் ஒரு சிற்றூர்ப் பாதிரியார், தெரியுமா?

தேம்ஸ் நதிக்கரையில் டெடிங்டன் என்று ஓர் ஊர். இன்று லண்டனோடு கலந்துவிட்டது. 300 வருஷத்துக்கு முன்னால் அது சிற்றூர். அங்கே பாதிரியாராக இருந்த ஸ்டீபன் ஹேல்ஸ் மருத்துவர் அல்ல. ஆனால், ரத்தம் எவ்வளவு விசையோடு தள்ளுகிறது என்று பார்த்துவிடத் துடித்தார். ஒரு பெண் குதிரையைக் கட்டிப் படுக்கவைத்து, அதன் தொடை நாளத்தில் பித்தளைக் குழாயைச் செருகி, அதோடு நெட்டையான கண்ணாடிக் குழாயை இணைத்தார். ரத்தம் ஏறியது... ஏறியது... 8 அடி 3 அங்குல உயரத்துக்கு! 1733-ல் இதைப் புத்தகமாகவே வெளியிட்டார்.

மனிதர்களை இப்படிக் குழாய் செருகி அளக்க முடியுமா? 1896-ல் இத்தாலிய டாக்டர் ரிவா ரோச்சி கையில் சுற்றும் பட்டையைக் கொண்டுவந்தார். அதை எதில் செய்தார் தெரியுமா? சைக்கிள் டியூபில்! 1905-ல் ரஷ்ய டாக்டர் கொரட்காஃப், பட்டைக்குக் கீழே ஸ்டெதாஸ்கோப் வைத்து, 'டப்... டப்' சத்தம் தொடங்கும் இடம் மேல் அளவு, அடங்கும் இடம் கீழ் அளவு என்று சொன்னார். அந்தக் கட்டுரை ஒரு பக்கம்கூட வராது. இன்றும் துணை சுகாதார நிலையத்தில் உங்கள் கையில் சுற்றும் பட்டை இவர்கள் இருவரின் கொடைதான்.

2. அமெரிக்க அதிபருக்குக் கிடைக்காத மாத்திரை உங்கள் ஊரில் இலவசம், தெரியுமா?

1945, ஏப்ரல் 12. உலகப் போரை நடத்திக்கொண்டிருந்த அமெரிக்க அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் மூளையில் ரத்தம் கசிந்து சரிந்தார். அப்போது அளந்து பார்த்த பிரஷர் 300/190! சுற்றிலும் நாட்டின் சிறந்த டாக்டர்கள். கொடுக்கத்தான் உருப்படியான மருந்து கிடையாது. உப்பைக் குறையுங்கள், ஓய்வெடுங்கள் என்பதற்கு மேல் அந்தக் கால மருத்துவத்திடம் பெரிதாக எதுவும் இல்லை.

மாத்திரையால் உயிரைக் காப்பாற்ற முடியும் என்பதையே 1967-ல்தான் ஐயமற நிரூபித்தார்கள். அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான ஆஸ்பத்திரிகளில், கீழ் அளவு 115-க்கும் 129-க்கும் இடையே இருந்த 143 ஆண்களை வைத்து எட்வர்ட் ஃப்ரைஸ் குழு நடத்திய ஆய்வு அது. மருந்து சாப்பிட்டவர்களுக்கும் மருந்தில்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்! ரூஸ்வெல்ட்டுக்கு எட்டாத வைத்தியம் இன்று களையெடுக்கப் போகும் அம்மாவுக்கு அரசு சுகாதார நிலையத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. இது எவ்வளவு பெரிய விஷயம்!

3. உலகின் முதல் பிரஷர் மருந்துகளில் ஒன்று நம் நாட்டுச் செடியின் வேர், தெரியுமா?

சர்ப்பகந்தா! பாம்புக்கடிக்கும் மனக்கொதிப்புக்கும் நாட்டு வைத்தியர்கள் தலைமுறை தலைமுறையாகக் கொடுத்துவந்த வேர். பம்பாய் இதய மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் அதைப் பிரஷர் நோயாளிகளுக்குக் கொடுத்து, விளைவை முறையாகக் குறித்து, 1949-ல் பிரிட்டன் இதய மருத்துவ இதழில் எழுதினார். உலகமே திரும்பிப் பார்த்தது. 1952-ல் சுவிட்சர்லாந்து விஞ்ஞானிகள் அந்த வேரிலிருந்து ரிசர்பின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். 1967 ஆய்வில் கொடுத்த மூன்று மருந்துகளில் ரிசர்பினும் ஒன்று!

அதற்காக வேரைத் தேடிப் பிடுங்கி அரைத்துக் குடித்துவிடாதீர்கள். அளவு தப்பினால் மனச்சோர்வு முதல் மயக்கம் வரை கொண்டுவிடும்.

4. பாம்பு விஷத்திலிருந்தும் ஒரு பிரஷர் மாத்திரை வந்தது, தெரியுமா?

பிரேசில் காடுகளில் ஜராராக்கா என்று ஒரு விரியன். கடித்தால் ஆளின் ரத்த அழுத்தம் சரசரவென்று இறங்கிவிடும். பிரேசில் விஞ்ஞானி செர்ஜியோ ஃபெரேரா 1960-களில் அந்த விஷத்தை ஆராய்ந்து, அழுத்தத்தை இறக்கும் பொருள்களைக் கண்டுபிடித்தார். அந்த வழியைப் பிடித்துக்கொண்டு போன அமெரிக்க ஆய்வாளர்கள் 1970-களில் கேப்டோபிரில் மருந்தை உருவாக்கினார்கள். இன்று ஊரெல்லாம் தரப்படும் எனலாபிரில் அதன் தம்பிதான்!

5. சென்னைக்குப் பக்கத்துக் கிராமங்கள் சிறுநீரகத்தைக் காத்த கதை தெரியுமா?

பிரஷர் மூளையையும் இதயத்தையும் மட்டுமா தாக்குகிறது? சத்தமில்லாமல் சிறுநீரகத்தையும் அரித்துவிடும். பிறகு டயாலிசிஸ்தான். ஏழைக் குடும்பம் அந்தச் செலவை எப்படித் தாங்கும்? சென்னையின் சிறுநீரக மருத்துவர் எம்.கே. மணி இதே கேள்வியைத் திருப்பிப் போட்டார்: டயாலிசிஸ் வரை ஏன் விட வேண்டும்?

அவரது கிட்னி ஹெல்ப் டிரஸ்ட், சென்னைக்கு அருகே 25,000 பேர் வாழும் கிராமப் பகுதியில் 1990-களில் வேலையைத் தொடங்கியது. வீடு வீடாகப் போனவர்கள் யார் தெரியுமா? அந்த ஊர்களிலேயே பள்ளிப் படிப்பு முடித்த பெண்கள்! பயிற்சி எடுத்துக்கொண்டு பிரஷர் பார்த்தார்கள், சிறுநீரில் சர்க்கரையும் புரதமும் இருக்கிறதா என்று சோதித்தார்கள். சந்தேகப்பட்டவர்களை மட்டும் டாக்டரிடம் அனுப்பினார்கள். மருந்து? ரிசர்பின், ஹைட்ரலசின், ஹைட்ரோகுளோரோதையசைடு. ஆம், 1967 ஆய்வில் ஜெயித்த அதே மூன்று பழைய மாத்திரைகள்! மொத்தச் செலவையும் ஊர் ஜனத்தொகையால் வகுத்தால் ஓர் ஆளுக்கு, ஓர் ஆண்டுக்கு, அரை அமெரிக்க டாலர்கூட ஆகவில்லை. பெரும்பாலான நோயாளிகளுக்குப் பிரஷர் கட்டுக்குள் வந்தது!

6. விலை குறைந்த மாத்திரை, விலை உயர்ந்த மாத்திரைக்குச் சளைத்ததில்லை, தெரியுமா?

"சீப்பான மாத்திரை, அதுல என்ன பவர் இருக்கப்போகுது?" ஊரில் இந்தப் பேச்சை அடிக்கடி கேட்கலாம். அமெரிக்காவிலும் கனடாவிலும் 33,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்து 2002-ல் வெளியான மாபெரும் ஆய்வு இதற்குப் பதில் சொல்லிவிட்டது. குளோர்தாலிடோன் என்ற பழைய, மலிவான, நீர் பிரிக்கும் மாத்திரையைப் புதிய மருந்துகளோடு மோதவிட்டார்கள். மாரடைப்பைத் தடுப்பதில் பழையது எள்ளளவும் பின்தங்கவில்லை. இதயம் செயலிழப்பதைத் தடுப்பதில் அதுவே முந்தியது!

அம்லோடிபின் மாத்திரையைப் பாருங்கள். ஒரு தடவை போட்டால் உடம்பில் அது பாதியாகக் குறையவே 30 மணி நேரத்துக்கு மேல் ஆகும். நாளுக்கு ஒன்றே போதும். காலையில் வயலுக்கு ஓடி, இருட்டியபின் வீடு திரும்புகிறவருக்கு இதைவிடத் தோதான மருந்து எது?

7. பேசிக்கொண்டே பிரஷர் பார்த்தால் அளவு ஏறும், தெரியுமா?

நடந்து வந்த மூச்சு அடங்குவதற்குள் கையை நீட்டுவது, பட்டை இறுகும்போதே மாட்டுக்குத் தீனி வைத்த கதை பேசுவது, கால் மேல் கால் போட்டுக்கொள்வது, சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்காருவது... இவை ஒவ்வொன்றும் அளவைக் கூட்டிக் காட்டும். இல்லாத நோய்க்கு மாத்திரை எழுதவைக்கும்! ஐந்து நிமிஷம் சும்மா உட்கார வேண்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும். பாதம் தரையில் பட வேண்டும். கை, நெஞ்சு உயரத்தில் ஒரு மேஜை மீதோ பலகை மீதோ இருக்க வேண்டும். வாய் பேசக் கூடாது. அவ்வளவுதான்!

பட்டையின் அளவும் முக்கியம். அமெரிக்காவின் பால்டிமோரில் சோதித்துப் பார்த்து 2023-ல் சொன்னார்கள்: மிகப் பருத்த கைக்குச் சாதாரணப் பட்டையைச் சுற்றினால் மேல் அளவு கிட்டத்தட்ட 20 புள்ளி கூடுதலாகக் காட்டுகிறது. மெலிந்த கைக்கு அதே பட்டையைச் சுற்றினால் 3, 4 புள்ளி குறைத்துக் காட்டுகிறது. உழைத்து உழைத்து மெலிந்த கைகள் நிறைந்த ஊரில் சின்னப் பட்டை ஒன்று இருந்தே ஆக வேண்டும்.

8. வயதானாலும் பிரஷர் ஏறாத மக்கள் இருக்கிறார்கள், தெரியுமா?

அமேசான் காட்டின் யானோமாமி மக்கள்! 1988-ல் வெளியான ஆய்வில் உலகம் முழுக்க 52 இடங்களில் 10,000-க்கும் அதிகமானவர்களை அளந்தார்கள். யானோமாமிகளின் சராசரிப் பிரஷர் சுமார் 95/61! அவர்கள் உணவில் உப்புச் சேர்ப்பதே இல்லை. வயது கூடும்போது பிரஷரும் கூடத்தான் செய்யும் என்று நாம் நினைக்கிறோமே, அங்கே அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

இதற்கு நேர் எதிர்த் திசையில் இருந்தது வட ஜப்பானின் அகிதா. பனிக்காலம் முழுக்க உப்பில் ஊறிய காய்கறி, மீன். 1950-களில் அங்கே ஒரு விவசாயி நாளொன்றுக்குச் சாப்பிட்ட உப்பு சுமார் 27 கிராம்! பக்கவாதச் சாவுகளும் அங்கே அவ்வளவு அதிகம். இன்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை 5 கிராமுக்குள், அதாவது ஒரு சின்ன டீஸ்பூன். கருவாடு, ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கடையில் வாங்கும் மிக்சர்... எல்லாம் சேர்ந்து அதற்குள் அடங்க வேண்டும்!

ஜப்பானின் இன்னொரு மலைப் பிரதேசமான நாகானோவும் பக்கவாதத்துக்குப் பேர்போன இடம்தான். ஊர்ப் பெண்களே சுகாதாரத் தொண்டர்களாகி, வீடு வீடாகப் போய் மிசோ சூப்பில் உப்பு எவ்வளவு என்று அளந்து காட்டி, குறைத்துச் சமைக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். பிறகு நாகானோ எங்கே வந்து நின்றது தெரியுமா? ஜப்பானிலேயே நீண்ட ஆயுள் கொண்ட பகுதிகளின் வரிசையில், உச்சியில்!

9. உப்பை மாற்றியே பக்கவாதத்தைக் குறைத்த 600 கிராமங்கள் தெரியுமா?

வட சீனாவின் ஐந்து மாகாணங்கள், 600 கிராமங்கள், 20,995 பேர். எல்லாரும் ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர்கள், அல்லது 60 வயது தாண்டியும் பிரஷர் அடங்காதவர்கள். பாதிக் கிராமங்களுக்கு வேறு ஓர் உப்பு கொடுத்தார்கள்: முக்கால் பங்கு வழக்கமான சோடியம் உப்பு, கால் பங்கு பொட்டாசியம் உப்பு. சமையல் மாறவில்லை, ருசி பெரிதாக மாறவில்லை. ஐந்து வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவான காலத்தில் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. சாவு 12 சதவீதம் குறைந்தது! 2021-ல் இந்த முடிவு வந்தபோது மருத்துவ உலகம் மூக்கின்மேல் விரல் வைத்தது.

ஓர் எச்சரிக்கை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், உடம்பில் பொட்டாசியத்தைத் தேக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் இந்த உப்பைத் தொடக் கூடாது.

10. ஊரின் மொத்த உப்பையும் மாற்றிய பெரு நாட்டுக் கிராமங்கள் தெரியுமா?

தென் அமெரிக்காவின் பெரு நாட்டில் டும்பெஸ் என்ற வடகோடிப் பகுதி. அங்கே ஆறு கிராமங்களில் நோயாளி, நோயில்லாதவர் என்று பிரிக்கவே இல்லை. வீட்டு அடுக்களையில் இருந்த உப்பை எடுத்துக்கொண்டு, பொட்டாசியம் கலந்த உப்பைக் கொடுத்தார்கள். பெட்டிக்கடையில் மாற்றினார்கள். தெருவோரம் பண்டம் விற்பவரிடம் மாற்றினார்கள். சாப்பாட்டுக் கடையில் மாற்றினார்கள். ஊரே ஒரே உப்புக்கு வந்தது!

சராசரியில் மேல் அளவு ஒன்றேகால் புள்ளிதான் இறங்கியது. 'பூ, இவ்வளவுதானா?' என்கிறீர்களா? பொறுங்கள். புதிதாகப் பிரஷர் வந்தவர்களின் எண்ணிக்கை பாதியாகக் குறைந்துவிட்டது! 2020-ல் வெளியான முடிவு இது. எல்லாருக்கும் துளி இறங்கினால் ஊருக்கே அது பெரிய காவல்.

11. மாத்திரை எழுதிக் கொடுத்த 'கிராம டாக்டர்'கள் தெரியுமா?

சீனக் கிராமங்களில் 'கிராம டாக்டர்' என்று ஒருவர் இருப்பார். எம்.பி.பி.எஸ். படித்தவர் அல்ல, அடிப்படைப் பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர். 326 கிராமங்களில், 33,995 பேரின் பிரஷரை இவர்களிடம் ஒப்படைத்தார்கள். எந்த மாத்திரையில் தொடங்குவது, எப்போது கூட்டுவது என்று படிப்படியான அட்டவணை. மேலே கண்காணிக்க டாக்டர்கள். நோயாளிக்கு வீட்டிலேயே அளக்கக் கருவி. மருந்து இலவசம் அல்லது மலிவு.

ஒன்றரை வருஷத்தில் 130/80-க்குக் கீழே வந்தவர்கள் 57 சதவீதம்! வழக்கமான வைத்தியம் நடந்த கிராமங்களில் 20 சதவீதம்கூட இல்லை. மூன்று வருஷத்தில் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. 2025-ல் இன்னொரு ஆச்சரியம் வெளியானது: அதே கிராமங்களில் நினைவு மங்கும் மறதி நோயும் 15 சதவீதம் குறைந்திருந்தது! பிரஷர் மாத்திரை நினைவையும் காக்கிறது!

12. நான்கு மருந்து, ஒரே மாத்திரை: ஈரான் கிராமங்கள் செய்தது தெரியுமா?

ஈரானின் கோலஸ்தான் மாகாணத்தில் 236 கிராமங்கள். பாதிக் கிராமங்களில் ஐம்பது வயது தாண்டியவர்களுக்கு ஒரே மாத்திரையில் நான்கு மருந்து: இரண்டு பிரஷருக்கு, ஒன்று கொழுப்புக்கு, ஒன்று ரத்தம் உறையாமல் இருக்க. ஆரோக்கியமாக வாழும் வழியை ஆய்வுக் குழுவினர் சில மாதங்களுக்கு ஒரு முறை வந்து சொல்லித்தந்தார்கள். ஐந்து வருஷத்தில் பெரிய இதயப் பாதிப்புகள் 34 சதவீதம் குறைந்தன! இலங்கையிலும் 700 பேரிடம் மூன்று பிரஷர் மருந்துகளைச் சிறிய அளவில் ஒரே மாத்திரையாக்கிக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆறே மாதத்தில் 70 சதவீதம் பேருக்குக் கட்டுக்குள் வந்தது. வழக்கமான முறையில் 55 சதவீதம்தான்.

13. மூன்று நாடுகளின் கிராமங்கள் ஒரே பாடத்தைச் சொன்னது தெரியுமா?

பங்களாதேஷ், பாகிஸ்தான், இலங்கை. நாட்டுக்குப் பத்தாக 30 கிராமப் பகுதிகள், 2,645 பேர். அந்தந்த அரசுகளின் சுகாதாரப் பணியாளர்களே வீட்டுக்கு வந்து பிரஷர் பார்த்தார்கள், சாப்பாடு பற்றிப் பேசினார்கள், தேவைப்பட்டவர்களை டாக்டரிடம் அனுப்பினார்கள். இரண்டு வருஷ முடிவில், இந்தக் கவனிப்பு இல்லாத ஊர்களைவிட மேல் அளவு 5 புள்ளி அதிகமாக இறங்கியிருந்தது. புதிய மருந்து, புதிய எந்திரம் எதுவுமே இல்லாமல்!

ஐந்து புள்ளிதானே என்று விட்டுவிடாதீர்கள். ஆறு லட்சம் பேருக்கு மேல் கலந்துகொண்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, மேல் அளவை 10 புள்ளி இறக்கினாலே பக்கவாதம் 27 சதவீதம் குறைவது தெரிந்தது. அதில் பாதித் தூரத்தை இவர்கள் வீட்டு வாசலிலேயே கடந்துவிட்டார்கள்!

14. பாதிப் பேர் திரும்பி வருவதே இல்லை. ஏன் தெரியுமா?

இந்திய உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முன்முயற்சி 2017-ல் தொடங்கியது. நான்கு மாநிலங்களில் ஆரம்பத்தில் பதிவு செய்த சுமார் 22,000 பேரைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். திரும்பத் திரும்ப வந்து மாத்திரை வாங்கியவர்களில் கட்டுப்பாடு 26 சதவீதத்திலிருந்து 60 சதவீதத்துக்குத் தாவியது. அருமை! ஆனால், கிட்டத்தட்டப் பாதிப் பேர் திரும்பி வரவே இல்லை.

அலட்சியமா? இல்லவே இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்வர பஸ் காசு. போனால் பாதி நாள் வரிசை. அன்றைய கூலி போச்சு. நூறு நாள் வேலையில் பெயர் விடுபடும். ஆட்டைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. மாத்திரை இலவசம்தான், அதை வாங்கப் போகும் நாள்தான் விலை அதிகம்! ஏழை வீட்டில் பிரஷர் கட்டுக்கடங்காமல் போவதன் ஆணிவேர் இதுவே. இதைப் புரிந்துகொண்ட இடங்களில்தான் எல்லா அதிசயமும் நடந்திருக்கிறது.

15. வாசலுக்கே மாத்திரை வந்த கதை தெரியுமா?

தமிழ்நாட்டில் 2020-ல் எடுத்த கணக்கில் பிரஷர் உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்குத்தான் அது கட்டுப்பாட்டில் இருந்தது. மருந்துக்குப் பஞ்சமா என்றால், இல்லை. மொத்தமாகக் கொள்முதல் செய்து அரசு நிலையங்களுக்கு அனுப்ப 1994-லேயே தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகம் வந்துவிட்டது. மாத்திரை நிலையம் வரை வந்தது. அங்கிருந்து வீட்டுக்கு வரவில்லை. அந்தக் கடைசி இரண்டு, மூன்று கிலோமீட்டரைக் கடக்க 2021, ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது.

எப்படி நடக்கிறது என்று பக்கத்தில் நின்று பாருங்கள். சுய உதவிக் குழுவிலிருந்து வந்த பெண் தன்னார்வலர், தோளில் பை, கையில் நோட்டு. ஊர் ஜனம் வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னாலேயே தெருவுக்குள் வந்துவிடுகிறார். "அத்தை, கொஞ்ச நேரம் சும்மா உக்காருங்க, அப்புறம் பார்க்கலாம்." திண்ணையில் பட்டை ஏறுகிறது, அளவு நோட்டில் பதிகிறது. "போன மாசம் கொடுத்ததுல மீதி இருக்கா? எடுத்துட்டு வாங்க." அட்டையில் ஏழெட்டு மாத்திரை பிரிக்காமல் இருந்தால் போட மறந்த நாள்கள் தானாகத் தெரிந்துவிடும். "ஏன் அத்தை விட்டீங்க? கால் வீங்குதா? டாக்டர்கிட்ட சொல்லி மாத்திரலாம்." கடிந்து ஒரு சொல் இல்லை. அடுத்த மாதத்துக்கான மாத்திரையைக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு நகர்கிறார்.

அடுத்து எடுத்த கணக்கில் கட்டுப்பாடு சுமார் 17 சதவீதமானது. இரண்டு மடங்குக்கு மேல்! 2024-ல் ஐக்கிய நாடுகள் விருதும் வந்தது. ஆனாலும், நூறில் எண்பதுக்கு மேற்பட்டவர்கள் இன்னும் கரை சேரவில்லை என்பதையும் அதே கணக்குதான் சொல்கிறது. மாதம் தவறாமல் வர வேண்டும், மருந்து இருப்பு தீரக் கூடாது, வீடு வீடாக நடக்கும் இந்தப் பெண்களுக்கு உழைப்புக்கேற்ற ஊதியம் கிடைக்க வேண்டும். அப்போதுதான் மீதிப் பேரையும் எட்ட முடியும்.

16. ஒரு மாகாணமே மனம் மாறியது தெரியுமா?

ஃபின்லாந்தின் வட கரேலியா. காடும் பால் பண்ணையும் நிறைந்த ஏழைக் கிராமப் பகுதி. 1970 வாக்கில் நடுவயது ஆண்கள் மாரடைப்பில் சாவதில் உலகிலேயே முன்னணியில் இருந்தது. மக்களே அரசிடம் மனுக் கொடுத்தார்கள்! 1972-ல் இளம் மருத்துவர் பெக்கா புஸ்கா தலைமையில் திட்டம் தொடங்கியது. நர்ஸ்கள் ஊர் ஊராகப் பிரஷர் பார்த்தார்கள், கிராமத்துக் குடும்பத் தலைவிகளின் சங்கம் உப்பும் கொழுப்பும் குறைத்த சமையலைக் கற்றுக்கொடுத்தது, பால் பண்ணைக்காரர்கள் சிலர் பெர்ரிப் பழச் சாகுபடிக்கு மாறினார்கள். சில பத்தாண்டுகளில் உழைக்கும் வயது ஆண்களின் இதயநோய்ச் சாவு 80 சதவீதத்துக்கு மேல் சரிந்தது!

17. 'நார்மல் ஆயிடுச்சு' என்று நிறுத்துவதுதான் மிகப் பெரிய ஆபத்து, தெரியுமா?

"தலை சுத்தல, மயக்கம் வரல, எனக்கெதுக்கு மாத்திரை?" இதைச் சொல்லாத ஊரே இல்லை. உண்மையில் பெரும்பாலானவர்களுக்குப் பிரஷர் எந்த அறிகுறியையும் காட்டாது. தலை சுற்றாததை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது; அளந்தால்தான் தெரியும். "120/80 வந்துடுச்சு, நிறுத்திட்டேன்" என்பது இன்னும் மோசம். மாத்திரை வேலை செய்வதால்தான் அந்த அளவு! நனையவில்லையே என்று கொட்டும் மழையில் குடையை மடக்குவது போலத்தான் அது. குறைப்பதா, நிறுத்துவதா என்பதை டாக்டர் சொல்லட்டும்.

18. சரி, இன்றே என்ன செய்யலாம், தெரியுமா?

முப்பது வயது தாண்டிய ஒவ்வொருவரும் வருஷத்துக்கு ஒரு முறையாவது துணை சுகாதார நிலையத்தில் அளந்துகொள்ளுங்கள், காசு கிடையாது. 140/90 அல்லது அதற்கு மேல் வந்தால் இன்னொரு நாள் மறுபடி பாருங்கள். அப்போதும் அப்படியே இருந்தால் டாக்டரைப் பார்த்துச் சிகிச்சை தொடங்குங்கள். ஒரு மாத மாத்திரையைச் சேர்த்து வாங்குங்கள். தட்டுக்குப் பக்கத்தில் உப்புக் கிண்ணத்தை வைக்காதீர்கள். ஊறுகாயைத் தொட்டுக்கொள்ளும் அளவோடு நிறுத்துங்கள். புகையிலையை, பீடியை, சாராயத்தை விடுங்கள். திடீரென்று வாய் கோணினால், கை விழுந்தால், பேச்சுக் குழறினால் ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

உங்கள் ஊருக்குத் தன்னார்வலர் வருவதில்லையா? மாத்திரை இருப்பு இல்லை என்று திருப்பி அனுப்புகிறார்களா? கிராம சபையில் எழுந்து கேளுங்கள். வட கரேலியா மக்கள் மனுக் கொடுத்துத்தான் தொடங்கினார்கள்! பிரஷரை அடக்கத் தேவையான மாத்திரை இருக்கிறது, அளக்கும் பட்டை இருக்கிறது, வழி தெரிந்த பெண்கள் இருக்கிறார்கள். மாதா மாதம் அவை ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ச் சேர்கின்றனவா என்று விடாமல் கேட்கும் ஊர் ஜெயிக்கும். சீனாவிலும் ஈரானிலும் இலங்கையிலும் ஜெயித்தது, கவனிப்பு ஊருக்குள்ளேயே வந்து சேர்ந்ததால்தான். உங்கள் ஊரும் ஜெயிக்கும்!